மேல் பாதி உங்களுடையது

என் பொன்னு மைனிக்கு,

உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றேகால் வருஷமாக உங்கள் படத்துக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள், போன செவ்வாய்க்கிழமையில் இருந்து முறைத்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, “எட்டி, படத்த எதுக்கு இப்பிடிப் பாக்குத? அவ என்ன செய்தா உன்ன?” என்று கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல?

இத்தனை நாளும் எனக்குள் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. உங்கள் நோயை நான்தான் மறைத்துவிட்டேனா? நான் அவசரப்பட்டுச் செய்த வேலையால் உங்களுக்கு நாலு மாதம் வீணாகிவிட்டதா? உங்களைக் கட்டின அண்ணனிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்க முடியாது. சோறு தின்னும்போதும் பஸ்ஸில் போகும்போதும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போதும் அதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

இதை நாலு பேர் வாசிக்கும்படிதான் எழுதுகிறேன், ரகசியம் போதும் என்று ஆகிவிட்டது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாறசாலையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் லேபுக்கு வெளிநாட்டில் இருந்து ஒரு இரத்தப் பரிசோதனை இயந்திரம் வந்தது. கூடவே ஒரு பிளாப்பி. இயந்திரத்தோடு பேசுவதற்கான சி மொழி நிரல் நூலகமும் அதன் ஹெடர் கோப்பும் அதில் இருந்தன. ஹெடர் என்றால் ஒரு பட்டியல். உள்ளே என்னென்ன வேலைகள், அதாவது பங்ஷன்கள், உண்டு, எதற்கு எதைக் கொடுக்க வேண்டும், பதிலுக்கு எது வரும் என்று சொல்லும். ரிப்போர்ட் அடிக்கும் நிரலை எழுத நம் இருவரையும் கூப்பிட்ட டாக்டருக்கோ வாரத்துக்கு ஒரு மாதிரி ரிப்போர்ட் வேண்டும். ஒவ்வொரு தடவையும் சி-யில் எழுதிக் கம்பைல் பண்ணிக்கொண்டிருந்தால் விளங்கினாற்போல்தான். பெர்ல் என்ற லேசான மொழியில் எழுதலாம் என்று நான் குதித்தேன். பெர்லுக்கு அந்த இயந்திரத்தைத் தெரியாது. ஆனால் பெர்லோடு ஒரு கருவி வரும். ஹெடர் கோப்பைக் கொடுத்தால், அதை வாசித்து, இரண்டுக்கும் நடுவில் பாலமாக நிற்கும் எக்ஸ்டென்ஷனை அதுவே எழுதிக் கொட்டும். ஒரு கட்டளை, அவ்வளவுதான். அன்றைக்கு நான் பட்ட பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

தனுவச்சபுரம் கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் பாடம் எடுத்துவிட்டுப் பஸ்ஸில் வரும்போது, நீங்கள் அந்த ஹெடரின் பிரிண்டவுட்டை மடியில் விரித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவீர்கள். ஒருநாள் பென்சிலை ஒரு வரியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

“வசந்தா, இந்த பங்ஷன் ரிசல்ட தரல்ல, ரிசல்ட்டு இருக்குத இடத்தயாக்கும் காட்டித் தருது. அது யாருக்க இடம்? நமக்குன்னு தந்ததா, அவங்களுக்கதா?”

“ஹெடர்ல போட்டிருக்குமே மைனி.”

“ஹெடர்ல இல்ல எட்டி. அதனாலதான் கேக்குதேன்.”

“கருவி பாத்துக்கிடும். நூத்தம்பது பங்ஷன் உண்டு. ஒவ்வொண்ணா கையால நோண்டிட்டு இருந்தா ஓணம் கழிஞ்சிரும்.”

அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டீர்கள். டாக்டர் ஓணத்துக்கு முந்தின திங்கட்கிழமை தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். என் தலையில் அந்தத் திங்கட்கிழமை மட்டும்தான் இருந்தது.

சோதனைக்கென்று ஒரு குப்பியில் திரவம் வரும். எது எவ்வளவு என்று மேலேயே எழுதியிருக்கும். அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். ஒரே குப்பி, ஒவ்வொரு தடவையும் எண் பிசகாமல் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நீங்கள், “ஆளுக்க ரத்தம் ஓட்டிப் பாப்போமே, எனக்கும் ரெண்டு வாரமா காலு நீராட்டு வீங்கிட்டு இருக்கு” என்றீர்கள். லேப் சுரேந்திரன் நம் இருவருக்கும் இரத்தம் எடுத்தான். நான் ஊசியைப் பார்த்துக் கத்தினதற்கு அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

காகிதத்தை மிச்சம் பிடிக்க ஒரு தாளில் இரண்டு ரிப்போர்ட் அடித்து, நடுவில் கிழித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அதனால் என் பெர்ல் ஸ்கிரிப்ட் இரண்டு இரண்டு பேராக எடுத்து அச்சடிக்கும். மேல் பாதி உங்களுடையது, கீழ்ப் பாதி என்னுடையது. ஷுகர் 94, யூரியா 22, கிரியாட்டினின் 0.9. மேலேயும் அதே, கீழேயும் அதே.

எந்தக் கம்ப்யூட்டர்க்காரிக்கும் அந்த இடத்தில் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். மூன்று எண்களும் ஒன்றாக வருமா? ஆனால் நீங்கள் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தீர்கள்.

“பாத்தியா மக்கா? ஒரே சட்டியில தின்னு தின்னு நமக்கு ரத்தமும் ஒண்ணாயிட்டு!”

“ரெண்டு சேச்சிமாரும் ஒரே கிணத்து வெள்ளமல்லே குடிக்குந்நது” என்றான் சுரேந்திரன், நம்மை அக்காமார் என்று கூப்பிடும் தன் மலையாளத்தில்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பனச்சமூட்டில் இருந்து நீங்கள் கல்யாணமாகி வந்தபோது ஒரு மாதம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவள் நான். என் அறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கோபம். அந்தத் தாளைப் பார்த்தபோது, அதெல்லாம் போய்விட்டது, இனி நாம் ஒரே இரத்தம் என்று எனக்குப் பட்டது. தாளைக் கிழிக்கக்கூட மனசு வரவில்லை. முழுசாக மடித்து என் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குச் சுரேந்திரன் சென்டருக்குப் போன் பண்ணினான். அவன் குரலே சரியில்லை. காலையில் எட்டுப் பேருக்குப் பார்த்து நாலு தாள் அடித்துக் கிழித்துக் கொடுத்தாகிவிட்டது. பிறகு சும்மா இயந்திரத்தின் சின்னத் திரையில் முந்தின முடிவுகளைப் பின்னால் தள்ளிப் பார்த்திருக்கிறான். ஒரு டீச்சருக்குத் திரையில் ஷுகர் எண்பத்தெட்டு. அவர் கையில் கொடுத்துவிட்ட பேப்பரிலோ முந்நூற்றுப் பன்னிரண்டு.

நாம் ஓடிப்போனோம். நீங்கள் அந்தக் கேள்விக்குறி போட்ட வரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தீர்கள், அவ்வளவுதான். “அவங்களுக்க இடமாக்கும்” என்றீர்கள். நூலகத்துக்குள் இருந்தது ஒரே ஒரு சிலேட்டு. ஒருத்தர் முடிவைக் கேட்டால் சிலேட்டில் எழுதி, இதோ இங்கே இருக்கிறது என்று காட்டும். அடுத்தவர் முடிவைக் கேட்டால் அதையே அழித்துவிட்டு எழுதும். நான் இரண்டு பேரையும் கேட்டுவிட்டுப் பிறகு அச்சடித்தேன். இரண்டு தடவையும் பார்த்தது ஒரே சிலேட்டை. மேல் பாதி வாங்கினவர்கள் எல்லாரும் கீழ்ப் பாதிக்காரரின் எண்ணோடு போய்விட்டார்கள்.

“அப்போ நாலு பேரு” என்றீர்கள். “சுரேந்திரா, பேரும் ஊரும் சொல்லு.”

ஒருவர் வராந்தாவிலேயே, வெளியே போன டாக்டர் திரும்பி வரக் காத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்து பேப்பரைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். இரண்டாவது ஆளைச் சுரேந்திரன் பஸ் ஸ்டாப்பில் பிடித்தான். பனச்சமூடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவரை இறக்கிக் கொண்டுவந்தான். மூன்றாவது நம் சென்டர் மாணவி ஒருத்தியின் அப்பா. போன் பண்ணி அவளையே வீட்டுக்கு ஓடச் சொன்னீர்கள். நாலாவதுதான் அந்த டீச்சர். சரோஜினி டீச்சர், காஞ்சிரங்குளம், ஸ்கூலுக்குப் பின்னால் வீடு, போன் கிடையாது. தினமும் மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் தானே இன்சுலின் போட்டுக்கொள்பவர். டாக்டர் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே அளவைக் கூட்டிப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பிப் போயிருந்தார். உள்ளே எண்பத்தெட்டு இருக்கிறவருக்கு அந்த மருந்து ஏறினால் ஷுகர் ஒரேயடியாக இறங்கி ஆளே போய்விடலாம் என்றான் சுரேந்திரன். கையைத் தலையில் வைத்துக்கொண்டான்.

“நீ போ மக்கா. நான் இதச் சரியாக்குதேன். நாளைக்குக் காலையிலயும் ஆளு வரும்” என்றீர்கள்.

ஆட்டோ ஏறினால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நான் ஆட்டோவில் இருந்து இறங்கித் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என்னவோ நான் பார்த்தால் வண்டி சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல். ஆட்டோக்காரர், “எறங்கி நிண்ணா கேட்டு தொறக்குமாம்மா?” என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது. பூவார் வழியாகப் போகும்போது முழுக்க ஒரே நினைப்பு. இன்றைக்கு அவர் சீக்கிரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். சோறு வேகாமல் இருக்கட்டும், விறகு நனைந்திருக்கட்டும், யாராவது விருந்தாளி வந்து பேசிக்கொண்டிருக்கட்டும்.

வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கதவு திறந்துதான் கிடந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை ஓரமாக ஒதுக்கி, சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழி தட்டிக்கொண்டிருந்தார். மேசையில் இலை போட்டிருந்தது.

“டீச்சரே, குத்தல்லே!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது.

“நீ ஆரு?”

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் பேப்பரை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். சிரிஞ்சில் இருந்ததை முற்றத்தில் பீய்ச்சினார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ இது யாருடே ஷுகர்?”

அது இன்னொருவருடையது, அவர் பேப்பரும் சரியாகத்தான் போயிருக்கிறது என்றேன். டீச்சர் விடவில்லை, என்னை உட்காரவைத்து மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினார். திரும்பி வரும்போது அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. யாருடே ஷுகர், யாருடே ஷுகர். இருந்தும் என் புத்தகத்துக்குள் மடித்து வைத்த தாள் எனக்கு ஞாபகம் வரவில்லை மைனி. சத்தியமாக வரவில்லை. நாலு பேரை எண்ணினேன். ஐந்தாவதாக ஒரு மேல் பாதி உண்டு என்று எண்ணவே இல்லை.

பஸ் கிடைக்காமல் காத்து நின்று, இரண்டு பஸ் மாறி, நான் லேபுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தரை இருக்கும். நீங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சுரேந்திரன் திரும்பி நின்று குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“டீச்சரு?”

“குத்தல்ல மைனி. ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா போட்டிருப்பாங்க.” சொல்லிக்கொண்டே உங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். “இங்க சரியாச்சா?”

“சரியாச்சு மக்கா. ரெண்டு ஆளுக்க ரத்தம் ஓட்டிப் பாத்தேன். ரெண்டும் வேற வேற வந்துது.”

ஐயோ, அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதி! உங்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். இனி இந்த இயந்திரத்தைத் தொடவே மாட்டேன் என்றேன். “தொடுவே. நாளைக்கே தொடுவே” என்று முதுகில் தட்டினீர்கள். உங்கள் முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வேறு வேறாக வந்ததா என்று இன்னொரு தடவை கேட்டேன். எவ்வளவு வந்தது என்று கேட்கவில்லை.

பிறகு தையில் நீங்கள் வகுப்பில் மயங்கி விழுந்தீர்கள். திருவனந்தபுரத்தில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். இப்போதுதான் தெரிந்தது என்று எல்லாரிடமும் நீங்களே சொன்னீர்கள். அடுத்த ஓணத்துக்கு நீங்கள் இல்லை.

பதினாறாம் நாள் கழிந்து புத்தகங்களை ஒதுக்கும்போது அந்தத் தாள் விழுந்தது. மேல் பாதி, உங்கள் பெயர், கிட்னியின் கதையைச் சொல்லும் கிரியாட்டினின் 0.9. அது என் இரத்தம். அப்போதுதான் புரிந்தது. கால் வீங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இரத்தம் கொடுத்தவளுக்கு, ஒன்றும் இல்லை என்று என் எண்ணை எடுத்து நானே கொடுத்திருக்கிறேன். நாமிருவரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மைனி, அன்றைக்கு முதல் எனக்கு ஒரு சோறும் ருசித்ததில்லை.

இனி போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஆஸ்பத்திரிக்காரர்களும் பயந்துபோய், இயந்திரம் வருஷத்தை எப்படி எழுதுகிறது என்று பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். இயந்திரம் தனக்கென்று வைத்திருக்கும் பதிவை முதலில் இருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாம் இரத்தம் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் ஆங்கில எழுத்தில் அடித்த பெயர்கள்: மைனி, வசந்தா. அங்கே உங்கள் சரியான எண் இருக்கும் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். திங்கட்கிழமை வந்தது. எட்டுப் பேர். அதற்குக் கீழே, சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, இரண்டு பெயர். சுரேன். மைனி.

உங்கள் பெயரை நீங்களே மைனி என்றுதான் அடித்திருக்கிறீர்கள். நான் கூப்பிடுகிற பெயர். யூரியா 96. கிரியாட்டினின் 4.1.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அதே பெயர். புரட்டப் புரட்ட வருகிறது.

சுரேந்திரனைப் பிடித்து உலுக்கினேன். “சேச்சி சத்யம் செய்யிச்சதா” என்று அழுதான், யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கியிருக்கிறீர்கள். அன்றைக்கே டாக்டரைக் கண்டீர்களாம். மருந்தும் பத்தியமும் தொடங்கினீர்களாம். திருவனந்தபுரத்துக்குக் கடிதமும் அவர்தான் கொடுத்தாராம். அண்ணனுக்குக்கூடத் தெரியாதாம். அந்தத் திங்கட்கிழமை, நான் இன்னும் வந்து சேராதபோது, நீங்கள் அவனிடம் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

“இண்ணைக்கு வேண்டாம் சுரேந்திரா. அவ பயந்து போயிருப்பா. நாளைக்குச் சொல்லுதேன்.”

அந்த ‘நாளைக்கு’ எங்கே மைனி? ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் பல் டாக்டர் என்று போனீர்களே, எத்தனை பல்லைப் பிடுங்கினார்கள்? கடைசிவரை வாயில் முப்பத்திரண்டும் இருந்ததே! கருவாட்டையும் உப்பையும் தள்ளிவைத்தபோது விரதம் என்றீர்கள். நானும் மடச்சி, நம்பினேன். பஸ்ஸில் தினமும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து வந்தவளிடம் மறைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? யாரைக் கேட்டு என்னைக் காப்பாற்றினீர்கள்?

அப்படியானால் நாலு மாதம் வீணாகவில்லை. வீணானது மூன்று நாள். அதைத் தெரிந்துகொண்டபோது கல்லை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அழுகை வந்தது. அந்த நாலு மாதமும் நீங்கள் தனியாகப் போயிருக்கிறீர்கள். நான் வந்திருப்பேனே. ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாவது பக்கத்தில் நின்றிருப்பேனே. எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்களால் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்க முடியாது. அதை யோசித்தால் கோபம் உங்கள் மேலா என் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைக்கு நீங்கள் கையால் எழுதிச் சேர்த்த அந்தப் பதினோரு வரிகள், சிலேட்டில் இருப்பதை அழியும் முன்னால் தனித்தனியாக நகல் எடுக்கிற வரிகள், இன்னும் அப்படியேதான் ஓடுகின்றன. நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. சரோஜினி டீச்சர் மாதாமாதம் வருகிறார். பேப்பர் வாங்கும்போது, “இது எண்டே ஷுகர்தானே?” என்று கேட்டுச் சிரிப்பார். அண்ணன் இளைத்துவிட்டான். உங்கள் பென்சில் என்னிடம் இருக்கிறது.

மைனி, ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருப்பான். இயந்திரத்தின் பதிவை அச்சடித்து வைத்திருக்கிறேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சனிக்கிழமையாக வாசித்துக் காட்டுவேன், எண்ணையும் சேர்த்து. அவன் கத்தினாலும் எழுந்து போக மாட்டேன். இனிமேல் யார் என்னிடம் சரியாச்சு என்று சொன்னாலும், எவ்வளவு என்று கேட்பேன்.

அந்தப் பழைய தாளை இப்போது எதிரில் விரித்து வைத்திருக்கிறேன். மேல் பாதியில் இருந்த என் எண்களை உங்கள் பென்சிலால் அடித்துவிட்டு, உங்களுடையதை எழுதிவிட்டேன். நடுவில் கிழிக்கவில்லை.

கீழ்ப் பாதியில் இருக்கும்,
உங்கள் நாத்தினார்
வசந்தா